சிறு ஷாம்பூ ஆலைகளுக்கு சர்ஃபாக்டன்ட் வழங்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வளரும் நாடு எதை எடுத்துக்கொண்டாலும், ஷாம்பூ, கைகழுவும் திரவம், முகக் கழுவி போன்றவற்றைத் தயாரிப்பவர்கள் இரு பிரிவாக இருப்பதைக் காணலாம். ஒரு பக்கம் பெரிய நிறுவனங்கள். அவை தங்களுக்கு வேண்டிய சர்ஃபாக்டன்ட்டை, அதாவது நுரையையும் அழுக்கு நீக்கத்தையும் தரும் மூலப்பொருளை, உற்பத்தியாளரிடமிருந்தே ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கிவிடுகின்றன. மறுபக்கம், மாதத்துக்கு இரண்டு டிரம், ஐந்து டிரம் என்று வாங்கும் எண்ணற்ற சிறு, நடுத்தர ஆலைகள். இவற்றில் பலவற்றுக்குச் சொந்தமாக ஆய்வகம் இல்லை. இறக்குமதி செய்யும் அளவுக்கு முதல் இல்லை. சரக்கு ஒரு வாரம் தாமதமானால் ஆலை நின்றுவிடும். புதிதாக இத்தொழிலுக்கு வருபவருக்கு இடம் இருப்பது இந்த இரண்டாம் பிரிவில்தான்.

இவர்களுக்கு மலிவான சரக்கு வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அதைவிட அதிகமாக வேண்டியது, போன மாதம் வந்த அதே சரக்கு இந்த மாதமும் வருவது. ஆய்வகம் இல்லாத ஆலைக்கு வழங்குநரே ஆய்வகம். இதை ஏற்றுக்கொண்டால்தான் கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

முதல் படி: எந்தப் பொருள்களை வைத்துக்கொள்வது

பட்டியலை நீளமாக்க வேண்டாம். மூன்று பொருள்கள் போதும்: 70 சதவீத எஸ்.எல்.இ.எஸ். (சோடியம் லாரைல் ஈத்தர் சல்ஃபேட்) பசை, கோகமிடோபுரொப்பைல் பீட்டெய்ன், கோகமைடு டி.இ.ஏ. முதலாவது நுரைக்கும் தூய்மைக்கும் அடிப்படை. இரண்டாவது அதன் கடுமையைத் தணித்து நுரைக்குச் செறிவு தருவது. மூன்றாவது பாகுத்தன்மையைக் கூட்டி நுரையை நிலைநிறுத்துவது. எளிய ஷாம்பூ ஒன்றில் எஸ்.எல்.இ.எஸ். பசை 12 சதவீதமும் பீட்டெய்ன் 7 சதவீதமும் கோகமைடு டி.இ.ஏ. 2 சதவீதமும் இருப்பதாகக் கொள்வோம். எஸ்.எல்.இ.எஸ். வழக்கமாக 170 கிலோ டிரம்களில் வருகிறது. 20 அடி கொள்கலனில் 114 டிரம், அதாவது 19.38 டன் ஏற்றப்படுவது பரவலான வழக்கம். அந்த ஒரு கொள்கலனைக் கொண்டு ஏறக்குறைய 160 டன் ஷாம்பூ தயாரிக்கலாம். அதற்கு 11 டன் பீட்டெய்னும் 3 டன்னுக்குச் சற்றே மேல் கோகமைடு டி.இ.ஏ.வும் உடன் தேவைப்படும். இந்த விகிதத்தைக் கணக்கிடாமல் மூன்றையும் சம அளவில் தருவித்துவிட்டு, ஒன்று தீர்ந்து மற்றது தேங்கி நிற்கும் நிலைக்கு ஆளாகிறவர்கள் அதிகம்.

ஆசிட் ஸ்லரி எனப்படும் எல்.ஏ.பி.எஸ்.ஏ.வையும் சேர்த்துக்கொள்ளும்படி வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். அது பெரும்பாலும் துணி, பாத்திரம், தரை கழுவும் பொருள்களுக்கானது. அரிக்கும் அமிலம் என்பதால் போக்குவரத்தில் 8ஆம் வகுப்பு அபாயப் பொருளாகக் கருதப்படுகிறது. அதற்குத் தனிக் கிடங்கும் பயிற்சி பெற்ற ஆட்களும் அமையும்வரை தள்ளிவைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆல்கைல் பாலிகுளுக்கோசைடு போன்ற மென்மையான வகைகளைக் கேட்டு வருபவர்கள் தொடக்கத்தில் சிலரே இருப்பார்கள். அவர்களுக்கு முன்பதிவின் பேரில் தருவித்துக் கொடுக்கலாம்.

இரண்டாம் படி: வாங்குபவரிடம் கேட்க வேண்டியவை

விலைப்பட்டியலை நீட்டுவதற்கு முன் ஆலைக்கு நேரில் செல்லுங்கள். தயாரிப்பு முறையை யாரும் சொல்லமாட்டார்கள். அதைக் கேட்கவும் கூடாது. மாதம் எத்தனை டன் செய்கிறார்கள், நீர் எங்கிருந்து வருகிறது, அதை மென்னீராக்குகிறார்களா, புட்டியில் அடைக்கிறார்களா சிறு பாக்கெட்டில் அடைக்கிறார்களா, கலக்கும் தொட்டியில் சூடாக்கும் வசதி உண்டா என்பவற்றைக் கேளுங்கள். நிலத்தடி நீர் கடினமாக உள்ள இடத்தில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் வெறும் சோப்பைத் திரிய வைத்துவிடும், எஸ்.எல்.இ.எஸ். அந்தக் கடினத்தைப் பெரிதும் தாங்கும். பாக்கெட்டில் அடைப்பவருக்குப் பாகுத்தன்மை சற்று மாறினாலும் நிரப்பும் இயந்திரத்தில் எடை தவறும்; ஆகவே அவர் விலையைவிடச் சீர்மைக்கே அதிக மதிப்புக் கொடுப்பார். உங்கள் முதல் வாடிக்கையாளர்களை அத்தகையவர்களிடையே தேடுங்கள்.

மூன்றாம் படி: தரக்குறிப்பை வாசிக்கக் கற்றுக்கொள்வது

இந்தப் படியில்தான் தொழிலின் உயிர் இருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எஸ்.எல்.இ.எஸ். பசையைக் கையில் எடுத்துப் பார்த்து, கெட்டியாக இருந்தால் நல்ல சரக்கு என்றும் இளகியிருந்தால் நீர் கலந்த சரக்கு என்றும் முடிவு செய்யும் பழக்கம் சந்தையில் வேரூன்றியிருக்கிறது. அது முற்றிலும் தவறான அளவுகோல். 70 சதவீதச் செறிவில் மூலக்கூறுகள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால் பசை மெல்ல ஓடக்கூடியதாக இருக்கிறது. நீர் சேர்ந்து செறிவு 60 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் இடையே இறங்கும்போது அவை உருளைகளாகத் திரண்டு, அறுகோண ஒழுங்கில் நெருக்கியடித்து நிற்கின்றன. அப்போது பசை மெலிவதற்குப் பதிலாக அசையாத ஜெல்லாக இறுகிவிடுகிறது. 28 சதவீதம் அளவுக்கு வந்த பிறகே அது நீர்போல ஓடும் கரைசலாகிறது. ஆக, வழக்கத்தைவிடக் கெட்டியான பசை வந்தால் அது செறிவு மிகுந்த சரக்கு என்று மகிழ்வதைவிட, நீர் புகுந்திருக்கிறதோ என்று சந்தேகிப்பதே பொருத்தம். குளிரிலும் பசை இறுகும் என்பதால், ஒப்பிடும்போது இரண்டு மாதிரிகளும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும்.

நம்பத்தக்க அளவுகோல் ஆய்வுதான். எஸ்.எல்.இ.எஸ். போன்ற எதிர்மின் சர்ஃபாக்டன்ட்டில், அதாவது நீரில் எதிர்மின்னூட்டம் பெறும் வகையில், ஆக்டிவ் எனப்படும் செயற்பொருளின் அளவை ஐ.எஸ்.ஓ. 2271 கூறும் இருகட்டத் தரம்பார்த்தல் முறையில் கண்டறியலாம். ஹயமின் கரைசல், குளோரோஃபார்ம், கலப்பு நிறங்காட்டி, சில கண்ணாடிக் கருவிகள் ஆகியவற்றுடன், குளோரோஃபார்மின் ஆவியை வெளியேற்றும் காற்றோட்டப் பெட்டியும் இருந்தால் சிறிய அறையிலேயே இதைச் செய்துவிடலாம். ஆனால் இந்த முறை மூலக்கூறுகளின் எண்ணிக்கையைத்தான் அளக்கிறது. அதைச் சதவீதமாக மாற்றுவதற்குச் சராசரி மூலக்கூறு நிறையால் பெருக்குகிறோம். இரண்டு மோல் எத்திலீன் ஆக்சைடு சேர்ந்த, அதாவது ஒவ்வோர் ஆல்கஹால் மூலக்கூறுடனும் சராசரியாக இரண்டு எத்திலீன் ஆக்சைடு மூலக்கூறு இணைந்த, வகைக்கு அது ஏறக்குறைய 384. ஒரு மோல் வகைக்கு 340 அளவில் இருக்கும். ஒரு மோல் சரக்கை 384 என்ற எண்ணால் பெருக்கினால், உண்மையில் 62 சதவீதமே உள்ள பசை தாளில் 70 சதவீதமாகத் தெரியும். எனவே பகுப்பாய்வுச் சான்றிதழில் எண்ணை மட்டும் பார்க்காமல், எந்த மூலக்கூறு நிறையைக் கொண்டு கணக்கிட்டார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு மோல், இரண்டு மோல், மூன்று மோல் என எந்த வகை என்பதைக் கொள்முதல் ஆணையிலேயே குறிப்பிடுங்கள்; உப்புச் சேர்க்கும்போது இவை ஒன்றுபோலக் கெட்டிப்படுவதில்லை.

பீட்டெய்னில் வேறு விதமான குழப்பம் உண்டு. வழக்கமான சரக்கில் ஆக்டிவ் 30 சதவீதம், சோடியம் குளோரைடு ஏறக்குறைய 5 சதவீதம், இரண்டும் சேர்ந்து திடப்பொருள் 35 சதவீதம் அளவில் இருக்கும். "30 சதவீத பீட்டெய்ன்" என்று எழுதி, அந்த 30 திடப்பொருளையே குறிக்குமானால், வாங்குபவருக்குக் கிடைப்பது 25 சதவீத ஆக்டிவ்தான். இரண்டு எண்களையும் தனித்தனியே கேளுங்கள். கூடவே, வினைபடாமல் எஞ்சிய அமிடோஅமீனும் டைமெத்தில் அமினோபுரொப்பைல் அமீனும் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். பீட்டெய்னால் ஏற்படும் தோல் ஒவ்வாமைக்கு இந்த எச்சங்களே பெரிதும் காரணமாகக் கருதப்படுகின்றன. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2004ஆம் ஆண்டுக்கான ஒவ்வாமைப் பொருளாக பீட்டெய்னை அறிவித்ததை நினைவில் வையுங்கள். விலை மிகக் குறைவாக வரும் பீட்டெய்னில் இந்த எச்சங்கள் கூடுதலாக இருக்கக்கூடும். அதைத் தேய்த்துக் குளிக்கப்போவது குழந்தைகளும்தான்.

எஸ்.எல்.இ.எஸ்.இல் கவனிக்க வேண்டிய மாசு 1,4-டையாக்சேன். எத்திலீன் ஆக்சைடு சேர்க்கும் கட்டத்திலும், அதற்குப் பின் கந்தக மூவாக்சைடுடன் வினைபுரியும் கட்டத்திலும் இது துணைவிளைபொருளாகத் தோன்றுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற பிரிவில், வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியல் குழு, இறுதிப் பொருளில் 10 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு) மிகாத அளவு பாதுகாப்பானது என்று 2015இல் கருத்துத் தெரிவித்தது. நியூயார்க் மாநிலம் உடல் தூய்மைப் பொருள்களுக்கான வரம்பை 2023 இறுதியில் 1 பி.பி.எம். ஆகக் குறைத்துவிட்டது. நீங்கள் வழங்கும் நாட்டில் இப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும், உங்கள் வாடிக்கையாளர் ஒருவர் நாளை ஏற்றுமதி செய்ய விரும்பினால் முதலில் கேட்கப்படும் தாள் இதுவாகத்தான் இருக்கும்.

நான்காம் படி: உற்பத்தியாளரைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் பொருள்களின் மூலம் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயும் பாம் கெர்னல் எண்ணெயும்தான். அவற்றிலிருந்து 12, 14 கரிம அணுக்கள் கொண்ட கொழுப்பு ஆல்கஹால் செய்து, அதிலிருந்து எஸ்.எல்.இ.எஸ். செய்கிறார்கள். எத்திலீனிலிருந்து செய்த ஆல்கஹாலையும் பயன்படுத்துவதுண்டு. இதன் காரணமாக, விளைச்சல் குறைந்த காலத்தில் சர்ஃபாக்டன்ட் விலை ஏறும்; எத்திலீன் ஆக்சைடு விலையும் அதைத் தள்ளும். எண்ணெய்ச் சந்தையின் போக்கை வாரம் ஒருமுறையாவது கவனிக்கும் பழக்கம் வேண்டும்.

இரண்டு உற்பத்தியாளர்களை அங்கீகரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வாடிக்கையாளருக்கு ஒருவருடைய சரக்கையே தொடர்ந்து கொடுங்கள். ஒவ்வொரு முறையும் எது மலிவோ அதை வாங்கி, டிரம்மின் லேபிளை மாற்றி அனுப்புவது சில நாள்களுக்கு லாபம் தரலாம். ஆலைக்காரரின் ஷாம்பூ ஒரு மாதம் தண்ணீராகவும் மறுமாதம் களியாகவும் வரும்போது அவர் உங்களைத் தேடமாட்டார். மூலப்பொருளையோ செய்முறையையோ மாற்றினால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேருங்கள். ஏற்றுமதிக்கு முன் ஒவ்வொரு பேட்சின் மாதிரியும் உங்கள் கைக்கு வர வேண்டும். வாடிக்கையாளர்களின் சந்தைக்குத் தேவைப்பட்டால் ஹலால் சான்றிதழ், நிலைத்த பாம் எண்ணெய்க்கான ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் ஆகியவற்றையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: சட்டமும் தாள்களும்

சுங்கத்தில் சரக்கு நிற்பதற்குப் பொதுவான காரணம் வகைப்பாட்டு எண். எச்.எஸ். எனப்படும் பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் 3402ஆம் தலைப்பு மாற்றியமைக்கப்பட்டது: எல்.ஏ.பி.எஸ்.ஏ.வும் அதன் உப்புகளும் 3402.31, எஸ்.எல்.இ.எஸ். போன்ற மற்ற எதிர்மின் வகைகள் 3402.39, நேர்மின் வகை 3402.41, அயனியற்ற வகை 3402.42, பீட்டெய்ன் போன்றவை 3402.49. எல்லா நாடுகளும் ஒரே நாளில் புதிய பதிப்புக்கு மாறுவதில்லை. பழைய பதிப்பில் எஸ்.எல்.இ.எஸ். 3402.11இல் இருந்தது. ஏற்றுமதியாளர் ஓர் எண்ணையும் இறக்குமதிச் சுங்கம் வேறோர் எண்ணையும் பயன்படுத்தினால் தாமதம் நிச்சயம் என்பதால், சரக்கு கிளம்புவதற்கு முன்பே சுங்க முகவரிடம் எண்ணை உறுதிசெய்துகொள்ளுங்கள். கப்பலேறும் முன் ஆய்வுச் சான்றிதழைக் கட்டாயமாக்கியுள்ள நாடுகளும் உண்டு; அதைச் சரக்கு வந்து இறங்கிய பிறகு பெற முடியாது.

16 பிரிவுகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாளை ஆலைத் தொழிலாளர்கள் படிக்கும் மொழியில் கொடுங்கள். 70 சதவீத எஸ்.எல்.இ.எஸ். கண்ணில் பட்டால் கடும் சேதம் விளைவிக்கக்கூடியது. டிரம்மைத் திறப்பவர் கண்ணாடி அணிய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமலே போனால் அந்தத் தாள் இருந்தும் பயனில்லை.

கோகமைடு டி.இ.ஏ. பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2பி பிரிவில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய விதிகள் இதை முற்றிலும் தடுக்கவில்லை; மூலப்பொருளில் இரண்டாம்நிலை அமீன் 5 சதவீதத்துக்கு மிகக் கூடாது, நைட்ரோசமீன் (அமீன் நைட்ரைட்டுடன் வினைபுரிந்து உருவாகும், புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள்) கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மிகக் கூடாது, நைட்ரைட் இல்லாத கலங்களில் வைக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கின்றன. துருவைத் தடுக்க நைட்ரைட் பூசிய இரும்பு டிரம் இதற்கு ஆகாது. புரோனோபோல் போன்ற, நைட்ரைட்டை வெளியிடக்கூடிய பதப்படுத்தியுடன் இதைச் சேர்க்க வேண்டாம் என்பதை விற்கும் ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். தவிர்க்க விரும்புபவருக்குக் கோகமைடு எம்.இ.ஏ. மாற்றாக உண்டு, அது திடப்பொருளாதலால் சூடாக்கும் வசதி வேண்டும்.

ஆறாம் படி: கப்பலும் பணமும்

கொள்கலனில் வரும் சரக்குக்கு சி.ஐ.எஃப். முறையில், அதாவது காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்த்து, விலை பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் பன்னாட்டு வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020இன்படி சி.ஐ.எஃப்.இல் விற்பவர் எடுக்க வேண்டிய காப்பீடு குறைந்தபட்ச அளவினது மட்டுமே; கப்பல் விபத்து, தீ போன்ற பெரும் இழப்புகளுக்கு அப்பால் அது பெரிதாக எதையும் ஈடு செய்யாது. டிரம் உடைந்து கசிவது உங்களுக்கு அடிக்கடி நேரக்கூடிய இழப்பு என்பதால், விற்பவரே விரிவான காப்பீட்டை எடுக்கும் சி.ஐ.பி. முறையைக் கேளுங்கள், இல்லையென்றால் விரிவான காப்பீட்டை நீங்களே எடுங்கள். கடன் கடிதம் (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி அளிக்கும் உறுதி) மூலம் பணம் செலுத்தினால், அதற்கான பன்னாட்டு விதிகளாகிய யு.சி.பி. 600இன்படி சரக்கு ஏற்றிய 21 நாள்களுக்குள் ஆவணங்கள் வங்கியில் தரப்பட வேண்டும். பெயரிலோ எண்ணிலோ ஓர் எழுத்து மாறினாலும் வங்கி திருப்பி அனுப்பலாம், அதற்குள் துறைமுகக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்.

முதலின் சுழற்சியைக் காகிதத்தில் கணக்கிட்ட பிறகே முதல் ஆணையைக் கொடுங்கள். கடல் பயணம் 40 நாள், சுங்கம் 15 நாள், கிடங்கில் 30 நாள், வாடிக்கையாளருக்குக் கடன் 60 நாள் என்று வைத்தால், போட்ட பணம் திரும்ப 145 நாளாகிறது. மாதம் ஒரு கொள்கலன் விற்க வேண்டுமானால், ஏறக்குறைய ஐந்து கொள்கலன்களுக்கான முதல் கையில் இருக்க வேண்டும். இடையே உள்ளூர் நாணயம் சரிந்தால் லாபம் முழுவதும் போய்விடலாம்; வெளிநாட்டு நாணயத் தட்டுப்பாடு உள்ள நாடுகளில் வங்கியிடமிருந்து டாலர் கிடைக்கவே வாரக்கணக்காகலாம். ஆகவே விலையை மாதக்கணக்கில் நிலைநிறுத்தி வாக்குக் கொடுக்காதீர்கள்; நாணய மாற்று விகிதத்துடன் இணைத்த விலையைத் தொடக்கத்திலேயே பேசிவிடுவது இரு தரப்புக்கும் நியாயமானது.

28 சதவீதக் கரைசலை நெடுந்தொலைவிலிருந்து தருவிக்காதீர்கள். ஒரு டன் ஆக்டிவுக்கு 70 சதவீதப் பசையில் 1.43 டன் போதும், கரைசலில் 3.57 டன் வேண்டும். மேலும் கரைசலில் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகும். பசையில் நீர் குறைவாக இருப்பதால் அந்த ஆபத்துக் குறைவு.

ஏழாம் படி: கிடங்கும் பிரித்து அடைத்தலும்

எஸ்.எல்.இ.எஸ். பசையை நிழலில், 20 முதல் 40 டிகிரிக்குள் வைத்திருங்கள். குளிரில் இறுகினால் வெந்நீர்த் தொட்டியிலோ சூடான அறையிலோ மெதுவாக இளக்கலாம். நேரடித் தீயோ நீராவியோ கூடாது. 60 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் நின்றால் மூலக்கூறு நீராற்பகுப்படைந்து அமிலம் உண்டாகும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். கிடங்கில் உள்ள டிரம்களின் பி.எச். அளவை அவ்வப்போது பாருங்கள். 7க்குக் கீழே நகர்ந்தால் அது அபாய அறிகுறி. மூடி திறந்திருந்தால் மேற்பரப்பு காய்ந்து தோல்போலாகும். அதைக் கலக்கி விற்பது முறையன்று.

சிறு ஆலைகள் 25 கிலோ, 50 கிலோ கேன்களில் கேட்கும். பீட்டெய்னைப் பிரிக்கும்போது கேன், குழாய், பம்ப் மூன்றும் கழுவி முழுதும் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு மூலையில் தேங்கிய நீர் பதப்படுத்தியை நீர்க்கச் செய்து நுண்ணுயிருக்கு இடம் கொடுத்துவிடும். கண்டிஷனருக்கான நேர்மின் வகைகளைப் பின்னாளில் சேர்த்தால், அவற்றுக்குத் தனிப் பம்பும் தனிக் குழாயும் வேண்டும். எதிர்மின் வகையுடன் கலந்தால் இரண்டும் பிணைந்து வீழ்படிவாகிவிடும். உற்பத்தியாளரின் பேட்ச் எண் சிறு கேனிலும் அப்படியே இருக்க வேண்டும். ஒவ்வொரு பேட்சிலிருந்தும் அரை கிலோ மாதிரியை எடுத்து, அதன் காலாவதி நாளுக்குப் பின்னும் ஓராண்டு பாதுகாத்து வையுங்கள்.

எட்டாம் படி: விற்ற பிறகு

ஆலைகளிலிருந்து வரும் புகார்களில் பெரும்பாலானவை இரண்டு செய்திகளைச் சொல்லிக்கொடுப்பதால் தீரும். ஒன்று, பசையைக் கரைக்கும் முறை: தொட்டியில் முதலில் நீரை முழுவதும் நிரப்பி, மெதுவாகக் கலக்கிக்கொண்டே பசையைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பசையின்மேல் நீரை ஊற்றினால், முன்னர் சொன்ன இறுகிய ஜெல் கட்டிகள் தோன்றி மணிக்கணக்கில் கரையாது. மற்றொன்று, உப்பின் அளவு. உப்புச் சேர்க்கச் சேர்க்க ஷாம்பூ கெட்டிப்படும்; ஓர் உச்சத்துக்குப் பிறகு அதே உப்பு அதை இளகச் செய்யும். உச்சத்தைத் தாண்டியதை அறியாமல், இன்னும் கெட்டிப்பட வேண்டும் என்று மேலும் உப்பைக் கொட்டுகிறவர் கடைசியில் சரக்கைத்தான் குறை சொல்வார். பீட்டெய்னுடன் வரும் உப்பையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். புதிய பேட்ச் வந்தவுடன் ஒரு கிலோ அளவில் கலந்து, உப்பை அரை அரைச் சதவீதமாகக் கூட்டிப் பாகுத்தன்மையைக் குறித்துக்கொள்ளும்படி அவருக்குக் கற்றுக்கொடுங்கள். முதல் இரண்டு முறை நீங்களே உடனிருந்து செய்து காட்டுங்கள்.

உண்மையிலேயே சரக்கில் குறை இருப்பதாகப் புகார் வந்தால், பேட்ச் எண்ணைக் கேட்டு, பாதுகாத்து வைத்த மாதிரியையும் அவரிடமுள்ள சரக்கையும் ஒரே நாளில், ஒரே முறையில் ஆய்வு செய்யுங்கள். இரண்டும் ஒத்திருந்து, தரக்குறிப்புக்கும் பொருந்தினால் குறை கலக்கும் முறையிலோ நீரிலோ இருக்கும். ஆலையில் உட்கார்ந்து அதைத் தேடிக் கொடுங்கள். இரண்டும் வேறுபட்டால் பிரித்து அடைத்த இடத்திலோ வழியிலோ பிழை நேர்ந்திருக்கிறது. சரக்கை மாற்றிக் கொடுத்துவிட்டு, அதே பேட்ச் வாங்கிய மற்ற ஆலைகளுக்கும் அவர்கள் கேட்பதற்கு முன்பே தகவல் அனுப்புங்கள்.